மாண்டவி ஆற்றுச் சீட்டு மேசைகள்

கோவாவின் தலைநகராகிய பனாஜியில், மாண்டவி ஆற்றின் தென்கரையை ஒட்டி அகன்ற சாலை ஒன்று செல்லுகிறது. கோவாவின் முதல் முதலமைச்சராக இருந்த தயானந்த பந்தோத்கரின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. சாலையின் ஒரு புறம் ஆதில்ஷா கட்டியதும், பின்னர் போர்த்துகீசிய ஆளுநர்கள் குடியிருந்ததுமான பழைய அரண்மனை. அதன் அருகில் கரிய சிலை ஒன்று. ஒருவர் தம் இரு கைகளையும் நீட்டி நிற்க, அவர் எதிரே ஒரு பெண் மயங்கிச் சாய்கிறாள். 1756-ல் இங்கே பிறந்து, ஐரோப்பா சென்று, மனவசியக் கலையில் பெயர் பெற்ற பாதிரியார் அபே ஃபாரியாவின் சிலை அது. அவர் கை நீட்டி நிற்கும் இடத்திலிருந்து நாலெட்டு நடந்தால் ஆறு தெரியும். ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் தெரியும். சிலையை நிறுவியவர்கள் இந்தப் பொருத்தத்தை எண்ணியிருக்க முடியாது. அக்காலத்தில் கப்பல்கள் இல்லை.

பகலில் பார்த்தால் அவை வெறும் கப்பல்கள்தாம். நங்கூரமிட்டு, வெயிலில் வெளிறி, உறங்குவன போல நிற்கும். விளக்கு வைத்த பின்னரோ ஆற்று நீரெல்லாம் சிவப்பும் நீலமுமாய் மின்னுகிறது. கரையிலிருந்து சிறு படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கின்றன. எதிர்க்கரையிலுள்ள பேத்திம் சிற்றூருக்கு மீன் கூடையுடன் செல்லும் பெண்டிரின் ஓடமும் அதே நீரில்தான் செல்லுகிறது.

ஆட்டம் ஏன் ஆற்றின் மீது நடக்கவேண்டும் என்று கேட்கலாம். விடை சட்டத்தில் இருக்கிறது. கோவாவில் பொதுச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் 1976-ல் ஏற்பட்டது. 1992-ல் அதைத் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டங்களை அனுமதித்தார்கள். 1996-ல் மேலும் ஒரு திருத்தம் செய்து, மனிதர் கையால் சீட்டுப் போடும் மேசை ஆட்டங்களைக் கப்பலில் மட்டும் நடத்தலாம் என்றார்கள். ஆக, நிலத்தில் இடமுண்டு, அனுமதி இல்லை. கப்பலில் அனுமதி உண்டு, இடம் இல்லை. ஒவ்வொரு மேசையும் எத்தனை அடி அகலம், அதைச் சுற்றி எத்தனை நாற்காலி என்பது அங்கே மிகுந்த கணக்கோடு தீர்மானிக்கப்படும் விஷயம். இந்தக் கட்டுரைக்கு நான் வந்து சேர்ந்த வழியும் அதுவே.

நம் சங்கத்து அன்பர் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் அக்கப்பல்களில் ஒன்றில் 'டீலர்' வேலை பார்க்கிறார். மேசையின் உட்புறம் நின்று சீட்டைப் பகிர்ந்து, தோற்றவரிடம் வாரி, வென்றவருக்குக் கொடுப்பவர்தாம் டீலர். பட்டம் பெற்றபின் இரண்டாண்டு வேலையின்றி அலைந்து, பயிற்சி பெற்று அங்கே சேர்ந்தார். கேட்பவரிடமெல்லாம் அவர் தாயார், "பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறான்" என்று மட்டும் சொல்லி வந்தார். அது பொய்யும் அன்று. நான் கோவா செல்வதை அறிந்து அவ்வம்மையார் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அவன் அங்கே என்ன செய்கிறான் என்பதை உங்கள் கண்ணால் பார்த்து வந்து சொல்லுங்கள். அவன் சூதாடுகிறானா, சூதாட்டுகிறானா? எனக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியவில்லை" என்றார். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர். சூது என்றொரு தனி அதிகாரம் குறளில் இருப்பதைப் பள்ளியிலேயே படித்தவர். இந்த இதழ் அவர் இல்லத்துக்கும் செல்லும். ஆதலால் தாய், மகன் இருவர் இசைவும் பெற்றே இதை எழுதுகிறேன்; பெயர்களை எழுதவில்லை.

மும்பையிலிருந்து கொங்கண் இரயிலில் சென்று கர்மாலி நிலையத்தில் இறங்கினேன். அன்று இரவே படகேறிவிட்டேன். இருபத்தொரு வயது நிரம்பாதவரை ஆட்டக்கூடத்தில் விடுவதில்லை. 2020 பிப்ரவரி முதல் நாளிலிருந்து கோவாவாசிகளும் ஆட்டத்துக்காகச் செல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. ஊரில் உள்ளவன் கெடக்கூடாது, வெளியூரான் கெடலாம் என்னும் இந்த நியாயத்தைப் பற்றி அங்கே யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வேலைக்கு ஆள் வருவதும் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்தே. மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பெண்களையும் நேபாளத்துப் பிள்ளைகளையும் மேசைதோறும் கண்டேன்.

கூடத்தில் சுவர்க் கடிகாரம் இல்லை, சாளரமும் இல்லை. நம் இளைஞர் நின்றது 'பிளாக்ஜாக்' என்னும் இருபத்தொன்று ஆட்ட மேசையில். பாதி நிலா வடிவம். குறுக்கே ஏறத்தாழ ஆறடி. நேரான பக்கத்தில் அவர் நிற்க, வளைந்த பக்கத்தில் ஏழு நாற்காலிகள். கைச்சீட்டின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்கு மேற்போகாமல், அதற்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும், இதுவே ஆட்டம். ஆடுபவர் இன்னொரு சீட்டு வேண்டும் என்றோ, போதும் என்றோ சொல்லலாம். டீலருக்கு அந்த உரிமை இல்லை. பதினாறு வரை அவர் எடுத்தே ஆகவேண்டும். பதினேழு வந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். அவர் கை ஆடுகிறது, அவர் ஆடவில்லை. தாயார் கேட்ட கேள்வியின் முதற் பாதிக்கு எனக்கு அங்கேயே விடை கிடைத்தது.

வேலை நேரத்தில் டீலரோடு பேச முடியாது. மறுநாள் பிற்பகல் மிராமார் கடற்கரையில் சந்தித்தோம். நான் முந்தின இரவு கவனித்த ஒன்றைக் கேட்டேன். சில மேசைகளில் ஒருவரே அமர்ந்திருந்தார். சிலவற்றில் ஏழு பேர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். ஒருவர் இருக்கும் மேசையில் டீலருக்கு வேலை குறைவுதானே என்றேன். அவர் சிரித்துவிட்டு, மணலில் விரலால் எண்களை எழுதத் தொடங்கினார்.

இவ்வாட்டத்தைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர்கள் கூறும் மதிப்பீடு இது. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 209 சுற்றுகள் நடக்கும். மூவர் இருந்தால் 105. ஐவர் இருந்தால் 70. ஏழு நாற்காலியும் நிறைந்தால் 52. இனி ஒவ்வொரு சுற்றிலும் டீலரின் கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். இருவருக்கு 418 கை, நால்வருக்கு 420, அறுவருக்கு 420, எண்மருக்கு 416. எப்படிப் பார்த்தாலும் ஒரு மணிக்கு ஏறக்குறைய 420 கைகளுக்குச் சீட்டு விழுகிறது. மேசையில் ஒருவர் இருந்தாலும் எழுவர் இருந்தாலும் டீலரின் விரல்களுக்கு வேலை ஒன்றே. கிணற்றில் நீர் இறைப்பவனுக்கு வாய்க்கால் ஒன்றானால் என்ன, ஏழானால் என்ன?

மாறுவது வேறு. ஆடுவோர் கைகளை மட்டும் எண்ணினால், தனி ஆளுக்கு 209. ஏழு பேருக்கு 364. அதாவது, கூட்டிப் பார்த்து, தோல்வி வெற்றி தீர்த்து, வில்லைகளை வாரவோ கொடுக்கவோ வேண்டிய தடவைகள் ஒன்றேமுக்கால் மடங்காகின்றன. கைக்கு ஒரே வேலை; கண்ணுக்கும் மனக்கணக்குக்கும் ஒன்றேமுக்கால் வேலை. முதலிரு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் பந்தயத்தைப் போல் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். 700 வைத்தவருக்கு 1,050. 2,500 வைத்தவருக்கு 3,750. ஏழு பேரும் ஏழு விதமாக வைத்திருக்க, காகிதமின்றி, தயங்காமல், சிரித்த முகத்தோடு கொடுக்கவேண்டும். நாற்காலிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், ஒருவர் ஆடும் மேசையில் மணிக்கு 2,09,000 ரூபாய் பந்தயம் சுழல்கிறது. நிறைந்த மேசையில் 3,64,000. முதலாளிக்கு நிறைந்த மேசை ஏன் இனிக்கிறது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. டீலரின் மாதச் சம்பளத்துக்கு இந்தப் பெருக்கல் தெரியாது.

மேசை அகலத்தால் நேரும் தொல்லையும் உண்டு. டீலர் தம் இடக்கை ஓரத்து நாற்காலியில் தொடங்கிச் சீட்டுப் போட்டு, வலக்கை ஓரத்தில் முடிக்கிறார். ஓர் ஓரத்தைப் பார்க்கும்போது மற்ற ஓரம் கடைக்கண்ணில்தான் தெரியும். கள்ளத்தனம் செய்ய வருபவர்கள் அந்த ஓரங்களையே நாடுவார்களாம். முடிவு தெரிந்தபின் மெல்ல ஒரு வில்லையைக் கூட வைப்பது, தோற்றவுடன் ஒன்றை இழுத்துக்கொள்வது, இவையெல்லாம் அங்கேதான் நிகழும். மேலே படக்கருவிகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவை டீலரையும் சேர்த்தே பார்க்கின்றன. பிழை நேர்ந்தால் முதற்கேள்வி அவருக்குத்தான். பக்கத்து மேசையில் நின்ற மணிப்பூர்ப் பெண் உயரம் குறைந்தவர். ஓரத்து நாற்காலிக்காரரின் சீட்டை எடுக்க ஒவ்வொரு முறையும் அவர் இடுப்பிலிருந்து வளைந்து எட்டுவதை முந்தின இரவே பார்த்திருந்தேன். மணிக்கு ஐம்பது முறை என்று இப்போது கணக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் நின்றால் இருபது நிமிடம் ஓய்வு. பிறகு மீண்டும் மேசை. மேசையை விட்டு விலகும்போது இரு உள்ளங்கைகளையும் தட்டி, விரித்து, மேலும் கீழும் திருப்பிக் காட்டிவிட்டே விலக வேண்டும். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். நம் வீட்டுப் பிள்ளை அவ்வாறு கையை விரித்துக் காட்டியபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவருக்கோ அது பழகிய வணக்கம் போல ஆகிவிட்டிருந்தது.

மேசை பெருத்தால் டீலரும் பெருகவேண்டும் என்பது பழைய ஐரோப்பிய முறை. மாண்டிகார்லோ போன்ற இடங்களில் 'பக்கரா' என்னும் ஆட்டத்தை அவரைவிதை வடிவிலான பெரிய மேசையில் ஆடினார்கள். கை எட்டாது, ஆகவே சீட்டை நகர்த்துவதற்கு, ரொட்டிச் சூளையில் பயன்படும் துடுப்பைப் போன்ற மெல்லிய மரத்தகடு ஒன்றை டீலர் வைத்திருப்பார். அமெரிக்கக் கூடங்களில் அதே ஆட்டத்தின் பெரிய மேசைக்கு மூன்று பணியாளர். இருவர் அமர்ந்து வில்லைகளைக் கவனிக்க, ஒருவர் நின்று ஆட்டத்தை அறிவிப்பார். பதினான்கு இருக்கைகள், ஆனால் கடைசி இருக்கையின் எண் பதினைந்து, ஏனெனில் பதின்மூன்றாம் எண்ணை விட்டுவிடுவார்கள். கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கும் இடத்திலும் இந்த அச்சம் போகவில்லை! பின்னர் அம்மேசையைச் சுருக்கி, ஏழு பேர் அமரும் சிறு மேசையாக்கினார்கள். மூவர் செய்ததை ஒருவரே செய்யலானார். ஆடுபவர் சீட்டைத் தொட்டு, ஓரத்தை மடித்து, மெல்லப் பார்த்து மகிழும் சடங்கும் சிறு மேசையில் போயிற்று; சுற்றுகள் இரண்டு மூன்று மடங்காகின. மேசை சிறுத்ததால் யாருக்கு ஓய்வு கிடைத்தது என்றால், டீலருக்கு அன்று.

இதற்கு மாறான மேசையும் அக்கப்பலில் இருந்தது; கண்டதும் எனக்கு ஊர் நினைவு வந்தது. 'அந்தர் பாகர்' என்று அங்கே பெயர் எழுதியிருந்தார்கள். நம் ஊர்த் திண்ணைகளில் தீபாவளி இரவில் ஆடும் மங்காத்தாவேதான் அது! ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அதன் இனம் உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பந்தயம் கட்டுவது. முதற்சீட்டு விழும் பக்கத்துக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்றரை வாய்ப்பு உண்டு; அதனால்தான் அப்பக்கம் வென்றால் நூறு கட்டியவருக்குத் தொண்ணூறுதான் கொடுக்கிறார்கள். திண்ணையில் இந்தக் கணக்கை யாரும் பார்த்ததில்லை. இவ்வாட்டத்தில் ஆளுக்கொரு கை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து இரண்டே குவியல். பத்துப் பேர் சூழ்ந்திருந்தாலும் சீட்டுப் போடும் வேலை கூடுவதில்லை; வாருவதும் கொடுப்பதுமே கூடும்.

ஆட்கள் மிகுந்தால் டீலரின் சீட்டு கெடும், குறைந்தால் நன்றாக வரும் என்று ஆடுவோரிடையே உறுதியான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. மேசையில் எத்தனை பேர் இருப்பினும், டீலரின் கை இருபத்தொன்றைத் தாண்டிக் கெடுவது ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தெட்டுத் தடவைதான். ஆயினும், கடைசி நாற்காலிக்காரர் தேவையின்றி ஒரு சீட்டை வாங்கி, டீலரைக் கெடுக்கவேண்டிய சீட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று மற்ற ஆறு பேரும் அவர் மீது பாய்வார்கள்.

"அது எங்களுக்கு நல்லதுதான், மாமா" என்றார் இளைஞர். "ஏழு பேர் இருந்தால் கோபம் கடைசி நாற்காலிக்குப் போகும். ஒருவர் மட்டும் இருந்தால் என்னிடம்தான் வரும். நான் எங்கே அனுப்புவேன்?"

பிறகு அவர் கூறியது, நான் எண்களால் எழுதக்கூடியதன்று. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, அவர் மேசைக்கு ஒருவர் தனியே வந்தமர்ந்தார். அவர் தந்தையின் வயது இருக்கும். ஆடிக்கொண்டே தோற்றுக்கொண்டிருந்தார். நடுவில் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மனிதர் தமிழில் பேசினார். வேலை விஷயமாக ஒரு விடுதியில் தங்கியிருப்பதாகவும், மகளின் கல்லூரிப் பணத்தைத் திங்கட்கிழமை கட்டிவிடலாம் என்றும் சொன்னார். மேசைக்கு அப்பால் நிற்பவனுக்குத் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த பெயரும் எந்த மாநிலத்துக்கும் பொருந்தும் பெயர். பேசி முடித்து, வட்டத்தில் மீண்டும் வில்லைகளை வைத்தார்.

டீலர் ஆலோசனை சொல்லக்கூடாது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லக்கூடாது. முகத்தில் எதையும் காட்டக்கூடாது. "தமிழில் 'போதும் ஐயா' என்று இரண்டு சொல் வாய்வரை வந்தது. மேலே படக்கருவி. பின்னால் மேற்பார்வையாளர். அவர் ஒருவர்தான் மேசையில். அதனால் நிறுத்தவும் இடமில்லை. நாலைந்து பேர் இருந்திருந்தால் அடுத்த சுற்று அவரிடம் வருவதற்கு ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அவரே எழுந்து போயிருக்கலாம். ஒரே ஆள் என்றால் பதினேழு விநாடியில் அடுத்த சுற்று வந்துவிடும், மாமா. நான்தானே போடுகிறேன்?"

மணியை 209-ஆல் வகுத்துப் பார்த்தேன். பதினேழு விநாடிதான்.

அம்மனிதர் எவ்வளவு தோற்றார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுவாரமே, மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதிக்கொடுத்து, மங்காத்தா மேசைக்கு மாற்றம் கேட்டதாகச் சொன்னார். மணிக்கட்டு வலி உண்மையானதே. வலக்கையில் துணிப்பட்டை கட்டியிருந்தார். தாயாருக்கு அதைச் சொல்லவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு அவரே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பியதும் அம்மையாரைக் கண்டு, கண்டதைக் கண்டபடி சொன்னேன். பிள்ளை சூதாடவில்லை என்பதைச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை, தமிழ் பேசிய மனிதரின் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "அந்த ஆள் வீடு போய்ச் சேர்ந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

நம்மவர் பிள்ளைகள் வேறு சிலரும் இவ்வேலைக்குப் பயிற்சி பெறுவதாக அறிகிறேன். கோவாவை விட்டால் சிக்கிமிலும் காசினோக்கள் உண்டு. அந்நிய நாடுகளில் நிரம்ப உண்டு. அனுப்பும் பெற்றோர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு மேசைக்கு எத்தனை நாற்காலி, எத்தனை டீலர், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு, கை வலித்தால் மேசை மாற்றித் தருவார்களா என்பவற்றையும் கேட்டறிவது நல்லது. எழுத்தில் தரத் தயங்கும் இடமாயின் அதுவும் ஒரு செய்திதான்.

இளைஞருக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. மங்காத்தா மேசையில் இப்போது இருவர் நிற்கிறார்கள். ஒருவர் சீட்டுப் போட, மற்றவர் வில்லைகளைக் கவனிக்கிறார். எனினும், ஆள் குறையும் இரவுகளில் பழைய ஏழு நாற்காலி மேசைக்கே அனுப்பிவிடுகிறார்களாம். "அன்றைக்கு ஏழு நாற்காலியும் நிறையவேண்டும் என்று வேண்டிக்கொண்டே உள்ளே போவேன்" என்றார். அதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.